வின்கோ ஸ்காரிச்சின் ஆறாவது நாவல்

பெரினா அத்தைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. டின் மீன் ஆலையில் மேஸ்திரியைத் திட்டும் அளவுக்குப் பேசுவாள். அதற்கு மேல் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. அதனால் அவள் மகன் வின்கோ எழுதிய துப்பறியும் நாவல்களை அவளுக்குப் படித்துக் காட்டும் வேலை பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை என் பியூட்டி பார்லருக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் சமையலறைக்குப் போவேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நான் ஆங்கிலத்தில் பார்த்துப் பார்த்து எங்கள் க்ரொயேஷிய மொழியில் சொல்லிக்கொண்டே போவேன். துறைமுக ஊரான சான் பெட்ரோவில் எங்களைப் போன்ற மீன்பிடிக் குடும்பங்களில் அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் கடிதம், பத்திரிகை, வரி நோட்டீஸ் எல்லாமே போய்ச் சேரும்.

பாதிப் புத்தகம் தாண்டுவதற்குள் அத்தை கொலைகாரனைச் சொல்லிவிடுவாள்.

"அந்தப் பல் டாக்டர்தான்டி."

"எப்படிச் சொல்றீங்க அத்தை?"

"இதுவரைக்கும் மூணு தடவை கை கழுவிட்டான். வேற எவனாவது கை கழுவினானா பாரு."

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் வேறு எவனும் கழுவியிருக்க மாட்டான்.

வின்கோ என்னைவிட நாலு வயது மூத்தவன். அவன் அப்பா மெக்சிகோ பக்கம் சூரை பிடிக்கப் போன படகோடு மூழ்கியபோது அவனுக்குப் பதினொரு வயது. வளர்ந்ததும் எல்லாப் பையன்களையும் போல அவனையும் படகில் ஏற்றிப் பார்த்தார்கள். துறைமுகத்துத் தடுப்புச் சுவரைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தான். மூன்று கேப்டன்கள் மூன்று படகுகளில் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். கடைசியில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தாவாகத் துறைமுகத்தில் சேர்ந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தட்டச்சு இயந்திரத்துக்கு அடியில் சத்தம் வராமலிருக்க ஒரு துண்டை மடித்துப் போட்டு, ஏழு மணி வரை எழுதுவான். அப்புறம் வேலைக்குக் கிளம்புவான்.

அவனுடைய துப்பறிவாளன் பெயர் டாடின். போலீஸ்காரன் அல்ல, மீன் நிறுப்பவன். படகுக்காரன் எடையைக் கூட்டிச் சொல்வான், ஆலைக்காரன் குறைத்துச் சொல்வான், நடுவில் தராசோடு நிற்பவன் டாடின். பொய் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவனுக்கு. முதல் நாவலை நியூயார்க்கில் ஒரு பதிப்பகம் மலிவுப் பதிப்பாகப் போட்டது. ஸ்காரிச் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாது என்று சொல்லி அட்டையில் 'வின்சென்ட் ஸ்கார்' என்று அச்சிட்டார்கள்.

இனி நோபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நொபோரு இசுமி படகுகளின் ரேடியோக்களைப் பழுது பார்ப்பவன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள டெர்மினல் தீவில் ஜப்பானிய மீனவர் குடியிருப்பில் பிறந்தவன். யுத்தம் வந்தபோது, ஜப்பானியர் என்ற காரணத்துக்காக, மற்றவர்களோடு அவன் குடும்பத்தையும் முள்வேலி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது தீவில் அவர்கள் வீடுகள் இருந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. ஊருக்குள் ஒரு சிறிய கடை போட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் ஒரு நாள் மதியம் வின்கோ துறைமுகத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றபடி ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தான். ரேடியோவைத் தோளில் சுமந்துகொண்டு போன நோபு நின்று அட்டையைப் பார்த்தான்.

"யாரு கொன்னதுன்னு சொல்லட்டா?"

"சொன்னே, தண்ணியில தள்ளிடுவேன்."

"எனக்கு நீச்சல் தெரியும். ரேடியோவுக்குத்தான் தெரியாது."

அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று வின்கோ சொல்வான். இல்லை, அதற்கு முன்பே இரண்டு தடவை வணக்கம் சொல்லியும் அவன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை என்று நோபு சொல்வான். முப்பத்தெட்டு வருஷம் இந்த வழக்கு தீரவே இல்லை.

அறுபத்தொன்றில் இருவரும் மேட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாசல் உள்ள வீட்டை வாங்கினார்கள். இடது வாசல் நோபுவுக்கு, வலது வாசல் வின்கோவுக்கு. தெருவில் இரண்டு தபால் பெட்டிகள். உள்ளே நடுச்சுவரை உடைத்து, அவர்களாகவே ஒரு கதவு வைத்துக்கொண்டார்கள். வின்கோவின் கதவு நிலை சாய்ந்திருந்ததால் நோபு அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி வைத்தான். அவர்கள் தலைமுடியை என் பார்லரின் பின்கட்டில் நான்தான் வெட்டிவிடுவேன். அதனால் எனக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வின்கோ மட்டும் தனியாக அம்மா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பக்கத்துப் போர்ஷனில் ஒரு ஜப்பான்காரர் இருக்கிறார், நல்ல மனிதர் என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

கையெழுத்துப் பிரதியில் டாடினுக்கு ஒரு துணைவன் உண்டு. பெயர் ஷிரோ. படகுத் தச்சன். சாயங்காலம் டாடின் வீட்டுக்கு வந்தால் ஷிரோ சமைத்து வைத்திருப்பான். சாப்பிட்டுக்கொண்டே டாடின் அன்றைய விவகாரத்தைச் சொல்வான். ஷிரோ ஒரே ஒரு கேள்வி கேட்பான். அந்தக் கேள்வியில்தான் முடிச்சு அவிழும்.

பதிப்பாசிரியருக்கு இது ஒத்துவரவில்லை. ஒரு ஆம்பளைக்கு இன்னொரு ஆம்பளை எதற்குச் சமைக்கிறான் என்று கேட்டார். முதல் இரண்டு நாவல்களில் ஷிரோ டாடினின் தங்கை ஆனான். மூன்றாவதற்கு வேறு பதிப்பாசிரியர் வந்தார். தங்கை போரடிக்கிறாள் என்று அவளை அலாஸ்காவில் ஒரு சால்மன் மீன்காரனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி, பதிலுக்கு ஒரு நாயைக் கேட்டார். நாய் கேள்வி கேட்காதே! டாடினே கேள்வியையும் கேட்டு, நாய் குரைத்ததும் பதிலையும் சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. நாலாவதில் சமைத்துப் போடும் வீட்டுக்காரம்மா. அவள் வாசகர்களுக்குப் பிடித்துப்போனதால், விற்பனை கூடட்டும் என்று ஐந்தாவதில் அவளைக் கொல்லச் சொன்னார்கள்.

ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நோபு என்னிடம் அறிவிப்பான்.

"நேடா, இந்தத் தடவை நான் நாய்."

"வாழ்த்துகள்."

ஐந்தாவது வந்தபோது வின்கோவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பத்து வருஷமா ஆக்கிப் போட்டதுக்கு என்னை மாடிப்படியில உருட்டி விட்டுட்டியேடா!"

நாங்கள் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வின்கோ எங்களைவிடக் கொஞ்சம் முன்பே நிறுத்திக்கொண்டான்.

எழுபத்தொன்றில் ஒரு படகின் கம்பத்தில் ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்த நோபு தவறி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. துறைமுகம் முழுக்க ஓடிய செய்தியைக் கேட்டு வின்கோவும் வேலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நோபுவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது நர்ஸ் கேட்டாள்:

"நீங்க இவருக்கு யாரு?"

வின்கோ சொன்னான்: "வீட்டு ஓனர்."

உறவுக்காரர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று அவனை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அந்தப் பதில் நோபுவின் காதில் விழுந்திருந்தது. மூன்று நாள் அவன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நாலாம் நாள், வின்கோ ஸ்பூனால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான்:

"இனிமே நியூயார்க்காரங்களைத் திட்டாதே வின்கோ."

இதை வின்கோ என்னிடம் பல வருஷம் கழித்துத்தான் சொன்னான். சொல்லும்போதும் என் முகத்தைப் பார்க்காமல் பார்லர் சீப்பு ஒன்றைப் பல் பல்லாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தான்.

அந்த வருஷமே ஆறாவது நாவலைத் தொடங்கினான். ஷிரோ ஷிரோவாகவே இருந்தான். டாடினின் வீட்டில் ஒரு கட்டில்தான். முடித்து அனுப்பியதும் பதிப்பாசிரியர் போனில் கூப்பிட்டார். அந்த மனிதரை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அவருக்கு வின்கோமேல் மதிப்பு இருந்தது.

"வின்ஸ், நீ எழுதினதுலயே இதுதான் நல்ல கதை. அந்த ஆளை மட்டும் எடுத்துடு."

"எடுத்தா கதை நிக்காது."

"இத்தனை நாளும் நின்னுதே?"

"நான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். கை வலிக்குது."

பிரதி திரும்பி வந்தது. அதன் பிறகு பதினொரு இடங்களுக்குப் போய், பதினொரு இடங்களிலிருந்தும் திரும்பியது. மூன்று வருஷம் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு பெண்கள் ஒரு பழைய பேக்கரியின் பின்னறையில் அச்சகம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்களுக்கு அனுப்பினான். ஒரே வாரத்தில் பதில் வந்தது. எழுபத்தைந்தில் ஆயிரத்து ஐந்நூறு பிரதி அடித்தார்கள். அட்டையில் அவனுடைய முழுப் பெயரும் இருந்தது: வின்கோ ஸ்காரிச்.

எனக்கு ஒரு பிரதி கொடுத்தான். அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவான், சாப்பிடுவான், எழுதுவது மெதுவாகப் போகிறது என்பான்.

ஆனால் எங்கள் ஊரில் எதையும் மூடி வைக்க முடியாது. தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் பெண்கள் விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் மனைவி ஃப்ராங்கா வாயைத் திறந்தாள்.

"பெரினா, உன் மகன் புதுசா ஒண்ணு எழுதியிருக்கானாமே. நீ படிக்காம இருக்கிறதே நல்லதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

"எனக்குத்தான் படிக்கத் தெரியாதே," என்றாள் அத்தை. "உன் புருஷனுக்கு எப்போதிலிருந்து படிக்கத் தெரியும்?"

பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் வழக்கம்போலப் பத்திரிகையோடு போனபோது, அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள்.

"அவன் புஸ்தகத்தை எடுத்துட்டு வா."

"எந்தப் புஸ்தகம்?"

"நேடா."

போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மேசையில் கீரை இல்லை, கத்தி இல்லை, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் மூன்று அத்தியாயங்களில் சிக்கல் இல்லை. மீன் குடோனில் ஒரு பிணம், எடைச்சீட்டில் ஒரு குளறுபடி. நாலாவதில் டாடின் வீட்டுக்கு வருகிறான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது, நான் ஷிரோவைத் தங்கச்சியாக்கினேன்.

சமையல் வரை ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வரியை வேகத்தில் அப்படியே சொல்லிவிட்டேன்.

"நிறுத்துடி. யாரு இது?"

"டாடினோட தங்கச்சி, அத்தை."

"அவளைத்தான் மூணாவது புஸ்தகத்துல அலாஸ்காவுல கட்டிக்கொடுத்தாச்சே."

"திரும்பி வந்துட்டா."

"புருஷனை விட்டுட்டா?"

"ஆமா அத்தை."

"சரி, வந்தா. வந்தவ அண்ணன் கட்டில்ல ஏன் படுத்திருக்கா?"

அத்தை என்னையே பார்த்தாள். மேஸ்திரிகளைப் பார்த்துப் பழகிய பார்வை அது.

"அவன் எழுதினதைப் படி. உன் கதையை உன் வீட்ல வெச்சுக்கோ."

படித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. டாடின் நேரங்கழித்து வருகிறான். ஷிரோ கண்ணாடியைக் கழற்றாமலே படுத்துத் தூங்கியிருக்கிறான். டாடின் கையைக் கழுவி, மீன் வாசனை போயிற்றா என்று முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி, அவன் கண்ணாடியை மெல்லக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை படி," என்றாள்.

படித்தேன்.

"அவன் சாப்பிட என்ன கட்டிக் கொண்டுபோறான்னு முன்னாடி சொன்னியே?"

"சோத்து உருண்டை. நடுவுல உப்புல ஊறின ஒரு பழம்."

அத்தை எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து கால்வாயும் தீவும் தெரியும்.

"இது கிகுவோட மகன்."

எனக்குப் புரியவில்லை. அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள். யுத்தத்துக்கு முன்னால் தீவிலிருந்த ஆலையில் ஆறு வருஷம் அவளுக்குப் பக்கத்தில் நின்று மத்தி வெட்டியவள் கிகு இசுமி. சங்கு ஊதினால் அத்தை இந்தப் பக்கமிருந்து படகேறிப் போவாள், கிகு தீவிலேயே வீட்டிலிருந்து நடந்து வருவாள். முதல் நாள் கிகு கொடுத்த அந்த உப்புப் பழத்தை அத்தை துப்பிவிட்டாள். இரண்டாம் வருஷம் அவளே கேட்டு வாங்கித் தின்றாள்.

"நாப்பத்திரெண்டு பிப்ரவரியில ரெண்டு நாள் டயம் குடுத்து வெளியேறச் சொன்னாங்க. அவ புருஷனை அதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. மூணு புள்ளைங்களோட தனியா இருந்தா. இங்கேருந்து லாரி எடுத்துட்டுப் போய்க் கட்டில், அலமாரியெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டு வந்தாங்க நம்மாளுங்க. நான் போகல. ஏதாவது கேப்பாங்களோ, வேலை போயிடுமோன்னு பயம். காய்ச்சல்னு சொல்லிட்டு ரெண்டு நாளும் இங்கயே படுத்துக்கிட்டேன். ஒரு வேளை சோறாவது கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம். அவ முகாம்லயே செத்துட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன்."

"நோபுவை உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"முகம் அவ முகம்தானே. கடைத்தெருவுல அவன் வந்தா நான் எதிர்ப்பக்கம் போயிடுவேன். இருபது வருஷமா."

கோபமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு," என்றாள். "யார் மேலன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ மேல படி."

அன்று இருட்டும்வரை படித்தோம். புத்தகம் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அத்தை என் காரில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் துணி சுற்றிய பாத்திரம். கீரையும் உருளைக்கிழங்கும் ஆலிவ் எண்ணெய் விட்டு மசித்தது, மேலே சுட்ட கானாங்கெளுத்தி. "மேட்டுக்கு விடு," என்றாள். ஃப்ராங்காவும் மற்றவர்களும் தேவாலயப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை கார் கண்ணாடியை இறக்கி, எங்கே போகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு ஏற்றினாள்.

வீட்டு முன்னால் இறங்கியதும் வலது வாசலுக்குப் போவாள் என்று நினைத்தேன். இடது வாசலுக்குப் போய்த் தட்டினாள்.

நோபு ஊன்றுகோலோடு வந்து திறந்தான். இடுப்பு முறிந்ததிலிருந்து அது அவனோடுதான் இருந்தது. அத்தை அவனோடு ஆலை இங்கிலீஷில் பேசினாள்.

"நீ கிகு மகன்."

"ஆமாம்மா."

"நான் பெரினா. ஆலையில நாலாம் மேசை."

"தெரியும். அம்மா சொல்லியிருக்காங்க. உங்க கத்தி கிட்ட கை கொண்டுபோகக் கூடாதுன்னு."

அத்தை சொன்னாள்: "அன்னிக்கு நான் வரலை."

நோபு பரவாயில்லை என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"யாருமே வரலைம்மா," என்றான். பிறகு கதவை நன்றாகத் திறந்துவிட்டான். "சாப்பாடு ஆறுது. உள்ள வாங்க."

அந்தச் சமயம் பார்த்து நடுச்சுவர்க் கதவைத் திறந்துகொண்டு வின்கோ பனியனோடு வந்தான். பாதி ஷேவ் செய்த முகம், கையில் பிரஷ். அம்மாவைப் பார்த்ததும் மறுபடி அந்தக் கதவுக்குள் போகலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. நாற்பத்தேழு வயது ஆள்!

அத்தை அவனைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

"பதினாலு வருஷமாம்மா."

"பதினாலு வருஷம். நான் என் மகன் தனியா கிடந்து சாப்பிடுறானே, ஒரு பேச்சுத்துணை இல்லையேன்னு பதினாலு வருஷமா மெழுகுவர்த்தி ஏத்திக்கிட்டு இருக்கேன். அத்தனை மெழுகுவர்த்திக் காசையும் எண்ணி வை."

வின்கோ சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சோப்பு நுரை முகத்தோடு அழுதான். நோபுவுக்குக் குனிய முடியாது, ஊன்றுகோலை வைத்துவிட்டு ஒரு கையை அவன் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். அத்தை பாத்திரத்தை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டாள்.

சாப்பிடும்போது அத்தை கேட்டாள்: "அந்தக் கதையில கணக்கப்பிள்ளைதானே கொலைகாரன்?"

"நேடா சொன்னாளா?"

"அவளா? அவ தப்புத் தப்பாப் படிப்பா."

அத்தையைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன், வெளியே வேலியோரம் வின்கோவிடம் நானே சொல்லிவிட்டேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது மாற்றினேன் என்று.

"என்னவா மாத்தினே?"

"தங்கச்சியா."

அவன் சிரிக்கத் தொடங்கினான். பாதியில் நின்றுவிட்டது. "நீயுமா நேடா," என்றான். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. அந்த மாதம் முடி வெட்டிக்கொள்ள வரவில்லை. அடுத்த மாதம் இருவரும் வந்தார்கள். நோபு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இப்போது தான் யாருமாகவும் இல்லாமல் வெறும் நோபுவாக இருப்பது ரொம்பச் சலிப்பாக இருக்கிறது என்றான். அதோடு அது முடிந்தது. அப்போதிலிருந்து வின்கோ எழுதியதை முதலில் படிப்பது நோபு, இரண்டாவது நான்.

எல்லாம் நல்லபடியாகப் போயிற்று என்று சொன்னால் பொய். அந்தப் பருவத்தில் ஏழு படகுக்காரர்கள் ரேடியோ வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். வின்கோவின் டிபன் பெட்டிக்குள் யாரோ செத்த எலியைப் போட்டார்கள். நடுக்கடலில் ரேடியோ ஊமையாகிப்போய் ஒரு படகு இரண்டு நாள் தத்தளித்த பிறகு நாலு பேர் நோபுவிடம் திரும்பி வந்தார்கள். மூன்று பேர் வரவேயில்லை, ஃப்ராங்காவின் புருஷனும் அதில் ஒருவர்.

புத்தகம் மெதுவாகத்தான் விற்றது. ஆனால் கடிதங்கள் வந்தன. நெப்ராஸ்காவில் ஒரு கோதுமைப் பண்ணையாள், ராணுவத்தில் ஒரு சமையல்காரன், கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்ற ஒரு பாதிரியார். ஒருவன் எழுதியிருந்தான்: 'கண்ணாடியைக் கழற்றி வைக்கும் பக்கத்தைக் கிழித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன், புத்தகத்தைச் சேதப்படுத்தியதற்கு மன்னிக்கவும்.' வின்கோ அவனுக்கு வேறு பிரதி அனுப்பினான். ஒவ்வொரு கடிதத்துக்கும் கையாலேயே பதில் எழுதினான். அதனாலேயே ஏழாவது நாவல் ஒன்றரை வருஷம் தள்ளிப்போயிற்று.

பெரினா அத்தை எண்பத்து மூன்றில் இறந்தாள். கடைசி எட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மேட்டு வீட்டில்தான். அவளும் நோபுவும் மீனுக்கு உப்பு எப்போது போடுவது என்று சண்டை போடுவார்கள், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் பாதிதான் புரியும். சவப்பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். இடுப்பு ஒத்துழைக்காது என்று தெரிந்தும் நோபு ஆறாவது ஆளாக நின்றான். ஊன்றுகோலை நான் வாங்கிக்கொண்டேன். தேவாலயத்திலிருந்து வண்டி வரை இருபது அடிதான். அவன் நடக்கிற வேகத்துக்கு மற்ற ஐந்து பேரும் நடந்தார்கள்.

வின்கோவுக்கு எண்பத்தொன்பதில் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சோப்பு நுரை சிந்தியது, பிறகு தட்டச்சு எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்தன. டாக்டர் பெயர் சொன்ன நோய்க்கு மருந்து இல்லை. அவன் சொல்லச் சொல்ல நோபு தட்டச்சு செய்தான். நோபு ரேடியோக்காரன், ஒற்றை விரலால் தந்தி அடிப்பதுபோல அடிப்பான். நான் போகும்போதெல்லாம் சண்டை நடந்துகொண்டிருக்கும்.

"அங்க ஒரு கமா போடு."

"எதுக்கு?"

"மூச்சு வாங்க."

"யாருக்கு, அவனுக்கா உனக்கா?"

இப்படியே ஒன்பதாவதும் பத்தாவதும் வந்தன. பதினொன்றாவதில் இரண்டு அத்தியாயம் பாக்கி இருந்தபோது, தொண்ணூற்றாறு மார்ச் மாதம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே போய்விட்டான். நோபு அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தானாம்.

பத்திரிகையில் 'மணமாகாதவர்' என்று போட்டார்கள். நான் போன் செய்து கத்தினேன். மறுநாள், 'அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டுத் துணைவர் நொபோரு இசுமி இருக்கிறார்' என்று ஆறாம் பக்கத்தில் சின்னத் திருத்தம் வந்தது.

சான் பிரான்சிஸ்கோப் பெண்களின் அச்சகம் இப்போது பெரிய பதிப்பகம். கடைசி நாவலை வேறு எழுத்தாளரை வைத்து முடிக்கலாமா என்று கேட்டார்கள். நோபு வேண்டாம் என்றான். வின்கோ விட்ட இடத்திலேயே, அரை வாக்கியத்தில், அச்சடித்தார்கள். கொலைகாரன் யார் என்பது அதில் இல்லை.

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. நோபுவுக்கு எழுபத்தெட்டு. அவன் தலையில் வெட்ட முடி அதிகமில்லை, ஆனாலும் மாதம் ஒரு தடவை வந்து உட்காருகிறான். நான் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"சொல்லேன். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்கிட்ட மட்டும் சொன்னான். படுக்கையில சொன்னது."

நூலகத்தில் வியாழக்கிழமை மதியம் துப்பறியும் கதை வாசகர்கள் கூடுகிறார்கள். இந்த மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது வின்கோவின் அந்தக் கடைசி நாவல். நோபு பின்வரிசையில் போய் உட்காருகிறான், அவன் யார் என்று பலருக்குத் தெரியாது. மாலுமிதான், இல்லை விதவைதான் என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறார்களாம். போன வாரம் ஒரு தபால்காரர் எழுந்து சரியாகச் சொல்லிவிட்டாராம், காரணத்தோடு. நோபு தலையைக்கூட ஆட்டாமல் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தானாம். தபால்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கழுத்தில் குத்துகிறது, அந்த முடித்துணுக்கைத் தட்டிவிடு என்றான்.